லூர்து, பாத்திமா, சந்தியாகு, ரோம்: ஒரே ஒரு பயணம் என்றால் எங்கே போவது?

பங்குக் கோயில் அறிவிப்புப் பலகையில் வருஷா வருஷம் ஒரு நோட்டீஸ் தொங்கும். 'ஐரோப்பியத் திருயாத்திரை, 12 நாள், 6 நாடு'. ரோம், அசிசி, பதுவா, லூர்து, பாத்திமா, சந்தியாகு எல்லாம் அதில் இருக்கும். நடுவில் ஈபிள் கோபுரமும் சுவிஸ் பனிமலையும் இலவச இணைப்பு. படத்தைப் பார்த்தால் ஒரே மூச்சில் முடிந்துவிடும் போலத் தோன்றும். வரைபடத்தை விரித்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். லூர்திலிருந்து பாத்திமாவுக்குச் சாலை வழி ஏறத்தாழ 1000 கி.மீ. பிரான்ஸ் எல்லையிலிருந்து லிஸ்பனுக்கு ஓடிக்கொண்டிருந்த இரவு ரயிலும் 2020இல் நின்றதோடு சரி. அந்த 12 நாளில் பாதி பஸ் ஜன்னலோரத்திலேயே போய்விடும். கெபிக்கு, அதாவது மாதா குகைக்கு, முன்னால் ஒரு ஐம்பத்துமூன்று மணி செபமாலையை நிதானமாகச் சொல்லி முடிக்கும் முன், வழிகாட்டி குடையைத் தூக்கிக்காட்டி "கிளம்பலாம்" என்பார்.

வாழ்நாளில் ஒரு தடவைதான் போகப்போகிறோம் என்றால் ஒரு வட்டாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்குவதுதான் சரி என்பது என் கட்சி. வட்டாரங்கள் தாமாகவே மூன்றாகப் பிரிந்து கிடக்கின்றன. பிரான்சின் லூர்தும் பிரனீஸ் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சவேரியார் பிறந்த ஊரும் ஒன்று. போர்ச்சுகலின் பாத்திமா, போர்ட்டோ, ஸ்பெயினின் சந்தியாகு என்று அட்லாண்டிக் ஓரமாக வடக்கே போவது இன்னொன்று. இத்தாலியின் ரோம், அசிசி, பதுவா மூன்றாவது. எதை எடுப்பது என்பதற்கு நான் முதலில் கேட்கும் கேள்வி, கூட வருகிறவர்களில் உடம்புக்கு முடியாதவர் யார், அவரால் எவ்வளவு நடக்க முடியும் என்பதுதான். பக்தி, பணம், விசா எல்லாம் அதற்கு அப்புறம்.

முழங்கால் வலி, சர்க்கரை, சக்கர நாற்காலி என்று அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் அதிகம் யோசிக்க வேண்டாம். லூர்து. ஐரோப்பாவில் நோயாளிகளை முன்வரிசையில் உட்காரவைக்கிற ஊர் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை, 14 வயதுப் பெண் பெர்னதெத்துக்கு மசபியேல் குகையில் 18 முறை மாதா காட்சி கொடுத்ததாகத் திருச்சபை ஏற்றுக்கொண்டது. அந்த நாட்களில் அவள் கையால் தோண்டிய இடத்தில் வந்த ஊற்றுதான் இன்றும் ஓடுகிறது. வில்லியனூர் மாதாவையோ திருச்சி மலைக்கோட்டைப் பக்கத்து லூர்து அன்னை ஆலயத்தையோ பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குகையின் வடிவம் கண்ணுக்குப் பழகியதாகத்தான் இருக்கும். வேளாங்கண்ணியையே 'கிழக்கின் லூர்து' என்றுதானே சொல்கிறோம்.

அங்கே போனதும் முதலில் கண்ணில் படுவது நீலநிற இழுவண்டிகள். நடக்க முடியாதவர்களை அதில் உட்காரவைத்துத் தொண்டர்கள் இழுத்துப் போவார்கள். ஒரு பெரிய கம்பெனி முதலாளியும் கல்லூரி மாணவியும் ஒரே வண்டியின் முன்னும் பின்னும் நிற்பதுண்டு. விடுப்பு எடுத்து, கைக்காசு போட்டு வந்து வேலை செய்கிறவர்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாலை 5 மணிக்கு நற்கருணைப் பவனி, இரவு 9 மணிக்கு மெழுகுத்திரிப் பவனி. காற்றில் அணையாமல் இருக்கத் திரியைச் சுற்றிக் காகிதக் கூடு இருக்கும். செபமாலையின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு மொழியில் ஒலிக்கும். 'ஆவே, ஆவே, ஆவே மரியா' என்ற வரி வரும்போது ஆயிரக்கணக்கான கைகள் திரியை மேலே தூக்கும். அந்தப் பாட்டு நம் ஊர் மாதா கோயில்களிலும் பாடுகிற மெட்டுதான் என்பதால் மொழி தெரியாத பாட்டிகூடச் சேர்ந்து பாடிவிடுவார். பவனியில் சக்கர நாற்காலிகள்தான் முன்னால். மழை கொட்டினால் அல்லது கூட்டம் பெருத்தால் 1958இல் கட்டிய தரையடிப் பேராலயம் இருக்கிறது. 20,000 பேருக்கு மேல் கொள்ளும். அழகு என்று சொல்ல முடியாது, காங்கிரீட் கூரை. ஆனால் உள்ளே இறங்கச் சரிவுப் பாதை இருக்கிறது. படிக்கட்டு ஏறி இறங்க வேண்டியதில்லை.

லூர்துக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. குளியல் தொட்டியில் முழுக்க மூழ்கி எழுவதுதான் பழைய வழக்கம். கோவிடுக்குப் பிறகு பெரும்பாலும் தொண்டர் கையில் தண்ணீர் ஊற்ற, முகம் கழுவி ஒரு வாய் குடித்துச் செபிப்பதோடு முடிகிறது. மூழ்கியே ஆகவேண்டும் என்று வேண்டுதல் வைத்திருப்பவர்கள் போவதற்கு முன் திருத்தலத்தின் இணையதளத்தில் அப்போதைய முறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுத்து யாரையும் கூட்டிப்போகாதீர்கள். 1883 முதல் அங்கே ஒரு மருத்துவக் குழு வேலை செய்கிறது. 7000க்கும் மேற்பட்ட சுகமளிப்புகள் பதிவானதில் திருச்சபை புதுமை என்று ஏற்றது 70ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இந்தக் கறார்தான் எனக்கு லூர்து மீது மரியாதை வரக் காரணம்.

குறை என்று பார்த்தால், கோயில் வாசலைத் தாண்டினால் தெரு முழுக்க ஒளிரும் மாதா, மாதா வடிவ பிளாஸ்டிக் பாட்டில், சாவிக்கொத்து. சிலருக்கு முகம் சுளிக்கும். வேளாங்கண்ணிக் கடைத்தெருவைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் அதிர்ச்சியில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை நிறைய ஹோட்டல்கள் பூட்டிக்கிடக்கும். பிப்ரவரி 11 திருநாள் மட்டும் விதிவிலக்கு. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிப் பிரான்ஸ் நாடே வந்து இறங்கும். பாரிசிலிருந்து வேக ரயிலில் சுமார் 5 மணி நேரம், இறங்கினால் ஊர். பாரிசில் விமானம் இறங்கிய அன்றே ரயிலேறாமல் ஓரிரவு தங்கிப் போனால் பெரியவர்களுக்கு நல்லது.

லூர்தில் நாலு இரவு தங்கினால் ஒரு நாள் மிச்சம் இருக்கும். அதற்கு ஒரு யோசனை. மலையைத் தாண்டி ஸ்பெயினின் நவாரா பகுதியில் ஹாவியர் கோட்டை இருக்கிறது. 1506இல் பிரான்சிஸ் சவேரியார் பிறந்த வீடு. 1542இல் கோவாவில் இறங்கி, அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவ மக்களோடு மணப்பாடு, தூத்துக்குடிப் பக்கம் நடந்து திரிந்தவர். அவர் சிறுவயதில் செபித்த சிறு கோயிலில் உதட்டில் புன்னகையோடு ஒரு சிலுவை இயேசு தொங்குகிறார். சாகும் தறுவாயில் சிரிக்கிற முகம் வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. தென்மாவட்டக் கடற்கரைக்காரர்களுக்கு இந்தக் கோட்டை ரோமைவிட நெருக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம். வாடகைக் காரில் 3, 4 மணி நேரம்; பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள். எந்தப் பாக்கேஜிலும் இந்த இடத்தைக் காணோம், ஏன் என்றுதான் தெரியவில்லை.

அடுத்து பாத்திமா. லூர்தோடு இதைத்தான் அதிகம் பேர் ஒப்பிடுகிறார்கள். இரண்டிலும் மாதா, இரண்டிலும் ஏழைப் பிள்ளைகள், இரண்டிலும் இரவுப் பவனி. ஆனால் இருக்கும் குணம் வேறு. லூர்தில் ஆறு, மலை, மரம், மேலும் கீழுமாகக் கோயில்கள். பாத்திமா ஒரு மாபெரும் திறந்தவெளி. ஒரு மூலையில் பழைய பேராலயம், எதிர்மூலையில் 2007இல் திறந்த பரிசுத்த தமதிரித்துவப் பேராலயம், நடுவே சின்னஞ்சிறு காட்சிச் சிற்றாலயம். 1917 மே 13 முதல் அக்டோபர் 13 வரை லூசியா, பிரான்சிஸ்கு, ஜசிந்தா என்ற மூன்று பிள்ளைகளுக்கு மாதா தோன்றிய இடம் அது. பிரான்சிஸ்குவும் ஜசிந்தாவும் 2017இல் புனிதர்களானார்கள். 1981 மே 13 அன்று போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் மீது பாய்ந்த துப்பாக்கிக் குண்டு இந்த மாதாவின் கிரீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது; அந்தக் கிரீடத்தைப் பெரிய விழா நாட்களில் மட்டும்தான் சூட்டுவார்கள்.

நேர்ச்சை செலுத்தப் போகிறவர்களுக்கு லூர்தைவிடப் பாத்திமாதான் ஒட்டும். சதுக்கத்தின் குறுக்கே சிற்றாலயம் வரை வழவழப்பான கல்பாதை ஒன்று கீழிறங்கிப் போகிறது. அதில் முழங்காலிலேயே நகர்ந்து போகிறவர்களை எந்த நாளிலும் பார்க்கலாம். சிலர் முழங்காலில் பட்டை கட்டியிருப்பார்கள். கணவன் முழங்காலில் நகர, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பார். வேளாங்கண்ணியில் பழைய கோயிலுக்கு மணலில் முழந்தாளிட்டுப் போகிறோமே, அதே காட்சி. சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் திரி எரிக்கும் இடம் இன்னும் விசேஷம். கடையில் மெழுகால் செய்த கை, கால், தலை, மார்பு, குழந்தை உருவம் என்று எல்லாம் விற்பார்கள். எந்த உறுப்புக்கு வேண்டுதலோ அதை வாங்கி நெருப்பில் போடுவது வழக்கம். வெயில் காலத்தில் கிட்டே போகவே முடியாத அனல். நாம் நட்ட திரி நிமிர்ந்து நிற்பதற்குள் வளைந்து உருகிக் கீழே ஓடிவிடும். நம் ஊரில் வெள்ளியில் கண், கால் வாங்கி உண்டியலில் போடுகிற கைக்கு இந்த மெழுகுக் கால் அந்நியமாக இருக்காது.

செலவிலும் பாத்திமா கொஞ்சம் இறக்கம். போர்ச்சுகலில் அறை வாடகை, சாப்பாடு இரண்டும் பொதுவாகப் பிரான்சைவிடக் கையைக் கடிக்காது. கன்னியர் மடங்கள் நடத்தும் விடுதிகளும் உண்டு. லிஸ்பனிலிருந்து பஸ்ஸில் சுமார் ஒன்றரை மணி நேரம். ரயிலில் மட்டும் போகாதீர்கள். 'பாத்திமா' என்று பெயர்ப் பலகை வைத்த ரயில் நிலையம் திருத்தலத்திலிருந்து 20 கி.மீ. தள்ளி இருக்கிறது, அங்கே இறங்கி டாக்சி தேடி அலைபவர்கள் ஏராளம். மே முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு மாதமும் 12, 13 தேதிகளில் பெருங்கூட்டம். 13ஆம் தேதி திருப்பலி முடிந்து மாதா சிலை சிற்றாலயத்துக்குத் திரும்பும்போது சதுக்கம் முழுக்க வெள்ளைக் கைக்குட்டைகள் அசையும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே அறை போடுங்கள். கூட்டம் ஆகாது என்பவர்கள் மாதத்தின் மற்ற நாட்களில் போகலாம். காலை வேளைகளில் அமைதியாகக் கிடக்கும். அப்போது ஒலிவ மரங்களுக்கு நடுவே ஹங்கேரிய அகதிகள் கொடுத்த சிலுவைப்பாதை வழியாகப் பிள்ளைகள் பிறந்த அல்ஜுஸ்திரெல் கிராமம் வரை நடந்துவிட்டு வரலாம். ஒரே குறை, ஜூலை ஆகஸ்ட் வெயிலில் அந்தச் சதுக்கத்தில் ஒதுங்க நிழலே கிடையாது. வயதானவர்களை மத்தியானத்தில் அங்கே நிறுத்தக் கூடாது.

சந்தியாகுவை மற்றவற்றோடு ஒரே தட்டில் வைப்பதே சரியில்லை. மற்ற ஊர்களில் போய்ச் சேர்ந்த பிறகு யாத்திரை ஆரம்பம்; இங்கே போய்ச் சேர்ந்தால் யாத்திரை முடிந்தது. தங்கச்சிமடம் வேர்க்காட்டில் நாம் கும்பிடும் அதே சந்தியாகப்பர், அதாவது பெரிய யாக்கோபு, அவர் கல்லறை ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருப்பதாக நம்பிக்கை. பஸ்ஸில் போய் இறங்கிப் பேராலயத்தைப் பார்த்து, பலிபீடத்துக்குப் பின்னால் ஏறி அப்போஸ்தலர் சிலையைக் கட்டித்தழுவிவிட்டுத் திரும்புவதில் தவறில்லை. ஆனால் அதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டாம். 53 கிலோ எடையுள்ள தூபக்கலசத்தை எட்டுப் பேர் கயிறு பிடித்து இழுத்து ஊஞ்சலாக ஆட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டு ஆசையோடு போகிறவர்கள் ஏமாந்து திரும்புவதுண்டு. குறிப்பிட்ட விழாக்களிலும், யாராவது காணிக்கை கட்டிக் கேட்கும்போதும்தான் அது ஆடும்.

நடப்பதென்றால் கடைசி 100 கி.மீ. நடந்தால் போதும், 'கொம்போஸ்தெலா' என்ற சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கும். சைக்கிளில் என்றால் 200 கி.மீ. கையில் யாத்திரைப் பாஸ்போர்ட் ஒன்று இருக்க வேண்டும். கோயில், காப்பிக் கடை, விடுதி எங்கே நின்றாலும் அதில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடைசி 100 கி.மீ.யில் தினம் இரண்டு முத்திரை கட்டாயம். பெரும்பாலோர் சாரியா ஊரிலிருந்து தொடங்குகிறார்கள், சுமார் 115 கி.மீ., ஐந்தாறு நாள். எனக்குப் பிடித்தது போர்ச்சுகல் எல்லையில் துயி ஊரில் தொடங்கும் பாதை. தூரம் ஏறத்தாழ அதே, கூட்டம் சாரியா அளவுக்கு இல்லை. வழியில் பத்ரோன் வரும். யாக்கோபின் உடலைக் கொண்டுவந்த படகைக் கட்டியதாகச் சொல்லப்படும் கல் அங்கே கோயில் பலிபீடத்தின் அடியில் இருக்கிறது. பாத்திமாவை முதலில் முடித்துவிட்டு போர்ட்டோ வழியாக மேலே வருகிறவர்களுக்கு இந்தப் பாதைதான் வசதி.

திருச்சியிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ காவி கட்டி வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு இந்தத் தூரம் பெரிதில்லை. அங்கே வெறுங்காலில் தார்ச்சாலை. இங்கே பெரும்பாலும் மண் பாதை, யூகலிப்டஸ் காடு, மஞ்சள் அம்புக்குறி. நம் ஊரில் வழிநெடுக மோரும் சாப்பாடும் கொடுப்பார்கள்; அங்கே எல்லாம் காசு, ஆனால் அரசு நடத்தும் யாத்திரிகர் விடுதியில் 10 யூரோ போலக் கொடுத்தால் ஒரு படுக்கை. ஒரே அறையில் இருபது முப்பது பேர், குறட்டையும் உண்டு. பையைச் சுமக்க முடியாதென்றால் அடுத்த ஊர் விடுதிக்குச் சில யூரோவில் அனுப்பிவைக்கும் சேவை இருக்கிறது. சைவர்கள் முட்டை சேர்த்த உருளைக்கிழங்கு அடை, பத்ரோன் பச்சைமிளகாய் வறுவல், ரொட்டி என்று ஒப்பேற்ற வேண்டியதுதான். சந்தியாகு இருக்கும் கலீசியா பகுதியில் மழை எந்த மாதமும் வரும். புதுச் செருப்போடு மட்டும் போகாதீர்கள்; இரண்டாம் நாளே கொப்புளம்.

ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிறன்று வரும் ஆண்டு அங்கே புனித ஆண்டு, 2027 அப்படிப்பட்டது. வழக்கமாக மூடியிருக்கும் புனித வாசல் திறக்கும், பாவத்துக்கான தண்டனை முழுதும் நீங்கும் பரிபூரண பலன் உண்டு. கூடவே கூட்டமும். சாதாரண ஆண்டான 2024இலேயே ஏறக்குறைய 5 லட்சம் பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள். பலன் முக்கியம் என்பவர்கள் 2027இல் போகலாம். தனிமை முக்கியம் என்பவர்கள் அந்த ஆண்டைத் தவிர்க்கலாம்.

ரோம் பற்றி நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. முதல் யாத்திரைக்கு, அதுவும் வயதானவர்களோடு, ரோம் வேண்டாம். பேதுரு, பவுல் கல்லறைகள் இருக்கின்றன, மறுப்பில்லை. 2022 மே 15 அன்று நம் தேவசகாயம் புனிதர் பட்டம் பெற்றதும் அங்கே புனித பேதுரு சதுக்கத்தில்தான். ஆனால் பேராலய வாசலில் பாதுகாப்புச் சோதனை வரிசை, கல் பாவிய தெரு, எந்தப் பக்கம் திரும்பினாலும் சுற்றுலாக் கூட்டம், கூடவே பிக்பாக்கெட். செபிக்கப் போனவர்கள் செல்பி கம்புகளுக்கு நடுவே நெளிய வேண்டியிருக்கும். போவதென்று முடிவானால் காலை 7 மணிக்கே பேராலயத்துக்குள் நுழைந்துவிடுங்கள். போப்பாண்டவரைப் பார்க்காமல் திரும்பினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று பெரியவர்கள் கேட்பார்கள். புதன்கிழமை பொதுச் சந்திப்புக்கு அனுமதிச் சீட்டு இலவசம், அதைக் காசுக்கு விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். ஜூலையில் பெரும்பாலும் சந்திப்பு இருக்காது. புதிதாய்த் திருமணமானவர்கள் கல்யாண உடையில் போனால் தனி இடத்தில் உட்காரவைத்து ஆசீர் தருவார்கள். தேனிலவையும் யாத்திரையையும் ஒன்றாக முடிக்க நினைப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு.

இத்தாலியில் என் மனம் போவது பதுவாவுக்குத்தான். உவரி, புளியம்பட்டி, கச்சத்தீவு என்று செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியாரைத் தேடிப்போகிற குடும்பங்களுக்கு ரோமில் இரண்டு நாளைக் குறைத்து இங்கே சேர்க்கச் சொல்வேன். வெனிசிலிருந்து ரயிலில் அரைமணி நேரம். கல்லறையின் பின்பக்கம் ஒரு பச்சைநிறக் கற்பலகை. அதில் உள்ளங்கையை வைத்து, நெற்றியைச் சாய்த்து, வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு ஒவ்வொருவராக நகர்வார்கள். சுற்றிலும் குழந்தைகளின் போட்டோ, விபத்தில் நொறுங்கிய காரின் போட்டோ, நன்றிச் சீட்டு. 1263இல் கல்லறையைத் திறந்தபோது உடல் மக்கியிருக்க, நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததாம். அந்த நாக்கைத் தனிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். இத்தாலிக்குப் போக வாய்க்காதவர்கள் ஒன்றை மறந்துவிட வேண்டாம்: அந்தோணியார் பிறந்தது லிஸ்பனில். பாத்திமா போகிற வழியிலேயே, லிஸ்பன் பேராலயத்துக்குப் பக்கத்தில் அவர் பிறந்த இடத்தின் மேல் எழுந்த கோயிலைப் பார்த்துவிடலாம்.

அசிசி அழகான ஊர். ஊர் முழுக்க ஏற்றம். பிரான்சிஸ்கு அசிசியார் 1226இல் இறந்த இடம் மேட்டில் இல்லை, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சமதளத்தில் இருக்கிறது. ஒரு பெரிய பேராலயத்தின் வயிற்றுக்குள் அவருடைய சின்னக் கற்கோயிலை அப்படியே வைத்திருக்கிறார்கள். நடக்க முடியாதவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் 2025 செப்டம்பரில் புனிதரான கார்லோ அகுதிஸ் கல்லறையும் அசிசியில்தான். ஜீன்ஸும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் போட்ட புனிதரைப் பார்க்க அவர்களே முன்னால் நடப்பார்கள்.

பிள்ளைகள் ஜெர்மனியிலோ ஹாலந்திலோ இருந்தால் விமானச் செலவே வேண்டாம், கேவலார் இருக்கிறது. ஜெர்மனியில் ஹாலந்து எல்லையோரச் சிற்றூர், 1642 முதல் மாதா திருத்தலம். மாதா படம் ஓர் அஞ்சலட்டை அளவுதான் இருக்கும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கூடித் தமிழில் திருப்பலி காண்கிறார்கள். இந்துக் குடும்பங்களும் பட்டுச்சேலையோடு வந்து திரி ஏற்றும். தமிழில் பாவசங்கீர்த்தனம் செய்ய முடிகிற ஐரோப்பியத் திருவிழா வேறு எத்தனை உண்டு?

விசா விஷயத்தில் ஒரு வட்டாரத் திட்டம் கைகொடுக்கும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். ஆறு நாட்டுக்கு இரண்டிரண்டு இரவு என்று போட்டால் எந்தத் தூதரகம் என்பதிலேயே குழப்பம் வரும். லூர்து என்றால் பிரான்ஸ், பாத்திமாவில் அதிக நாள் என்றால் போர்ச்சுகல், நடை அதிகம் என்றால் ஸ்பெயின். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். மாதா பக்தர்கள் கூடும் இன்னோர் ஊரான மெஜுகோரி போக ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: அது போஸ்னியாவில், ஷெங்கனுக்கு வெளியே. உள்ளே போய் வரப் பலமுறை நுழைவு விசா தேவைப்படும்.

மாதம் என்று கேட்டால் மே கடைசி அல்லது செப்டம்பர். என் வீட்டுப் பெரியவர்களோடு என்றால் செப்டம்பரில் லூர்து நாலு இரவு, ஹாவியர் ஒரு நாள், அவ்வளவுதான். நான் தனியாக என்றால் பாத்திமாவில் இரண்டு இரவு, அப்புறம் துயியிலிருந்து நடை. லூர்துத் தண்ணீர் ஊருக்குக் கொண்டுவருகிறவர்கள் கேனைச் செக்-இன் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் இருந்தால் பல விமான நிலையங்களில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள், புனித நீர் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.